கலியாணம் சொல்லப் போன பாதை

பெடலில் வலக்காலை வைத்தபடி சுந்தரேஸ்வரி நின்றாள். இடக்காலையும் தூக்கினால் சைக்கிள் ஓடத் தொடங்கிவிடும். தூக்க மனம் வரவில்லை. ஜெர்மனியின் எல்லை நகரமான சார்புரூக்கனில் ஆற்றை ஒட்டிய பாலத்தடி அது. தலைக்கு மேலே ஓட்டோபான் நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லொறி போகும்போதும் பாலத்தின் வயிற்றுக்குள் யாரோ இரும்புக் கட்டிலை இழுப்பதுபோலச் சத்தம் கேட்டது. சற்று முன்னால் மகள் கம்சனா ஒற்றைக் காலை நிலத்தில் ஊன்றித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இனிமேல் கார் வராது. கடைசி வரைக்கும் ஒரு கார் வராது. சத்தியமா."

"அப்ப மேலால போறதெல்லாம் என்ன, கப்பலோ?"

"அது மேலால. நாங்கள் கீழால. காலை எடுங்கோவன்."

சுந்தரேஸ்வரி காலை எடுத்தாள். மகள் தன் சிநேகிதியிடம் இரவல் வாங்கி வந்திருந்த மோட்டர் சைக்கிள் அது. மோட்டர் என்றால் பெட்ரோல் இல்லை, மிதிக்கும்போது பின்னால் ஆள் நின்று தள்ளிவிடுவதுபோல ஒரு பற்றரி. முதல் மிதியிலேயே அது பாய்ந்தது. "ஐயோ அம்மாளாச்சி" என்று அவள் கத்தியது ஆற்றின் மறுகரைக்கும் கேட்டிருக்கும். நாயோடு நடந்து வந்த ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அவர்கள் கலியாணம் சொல்லப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்சனாவுக்கு டுசல்டோர்ஃப் மாப்பிள்ளை பொருந்தி, மண்டபமும் பிடித்தாயிற்று. அழைப்பிதழைப் படமாக்கி எல்லோருடைய தொலைபேசிக்கும் அனுப்பியாயிற்று. கனடாவிலிருந்து பூங்கொத்துப் படம் வந்தது. லண்டனிலிருந்து கைகூப்பிய படம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கால்வாய்க்கரைப் பிரெஞ்சுக் கிராமமொன்றில் இருக்கும் சுந்தரேஸ்வரியின் ஒரே அண்ணன் நாகமுத்துவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு கிழமை கழித்து அவருடைய மனைவி பேர்பெச்சுவா அழைத்தாள். "மச்சாள், அவருக்குப் படம் வந்தது. ஆள் வரேல்லை" என்றாள். அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிழை தன்னுடையதுதான் என்று சுந்தரேஸ்வரிக்குத் தெரியும். கலியாணமென்றால் வாசலுக்குப் போய், புருசனும் பெண்சாதியுமாக நின்று, வாயால் சொல்லவேண்டும். அதிலும் தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும். தாய்மாமன் நிற்காத மணவறையில் பெண்ணை இருத்தினால் சனம் சோற்றைத் தின்றபடியே காரணம் கேட்கும். சனம் கேட்பது போகட்டும். அண்ணன் நிற்காமல் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் கணவன் ராசன் மாட்டேன் என்றுவிட்டான். "அந்தப் படி நான் மிதிக்க மாட்டன். நானும் வரமாட்டன், என்ர காரும் வராது." அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. எல்லை தாண்டிச் சார்கெமுண்டு என்ற ஊர்வரை ட்ராம் போகும், அதற்கப்பால் ஞாயிற்றுக்கிழமையில் பஸ் கிடையாது. அப்போதுதான் கம்சனா, "சைக்கிளில போவம்" என்றாள்.

பகை முளைத்தது, கம்சனா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டில். பெண்ணுக்கு மாமன் மனைவி ஆராத்தி எடுக்கவேண்டிய நேரத்தில், "அவ வேதக்காரி, அவவுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது" என்று சொல்லி ராசன் தன் தங்கையின் கையில் தட்டைக் கொடுத்துவிட்டான். மாதா கோயிலுக்குப் போகிற பேர்பெச்சுவா பட்டுச்சேலையோடு அப்படியே நின்றாள். குங்குமத் தட்டும் அவளைத் தாண்டிப் போயிற்று. நாகமுத்து சத்தம் போடவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தியில் கை நனைக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு செத்தவீடுகளில் மட்டும் தூரத்தில் கண்டுகொண்டார்கள்.

பாதை ஒரு வளைவில் தாரை விட்டுச் சரளைக்கு இறங்கியது. சக்கரத்தின் கீழே பொடிக்கற்கள் நொறுங்கும் சத்தம் எழுந்தது, அப்பளத்தை நெரிப்பதுபோல. ஓட்டோபான் எங்கே போனதென்று தெரியவில்லை. வலப்பக்கம் நெட்டை மரங்கள் வரிசையாக, இடப்பக்கம் அசையாத பச்சைத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு கொக்கு தன் நிழலின் மேலேயே ஒற்றைக்காலில் நின்றது. புறொம்பேர என்கிற கறுப்புப் பழ முட்பற்றைகள் பாதைக்குள் கையை நீட்டின. யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. யாரும் முந்தவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருடம் அவள் பார்த்த வழியெல்லாம் கார்க் கண்ணாடியில் தேய்ந்துபோகிற வழிகள்தான். எந்த மரத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு மரமும் அவள் வரும்வரை நின்று, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போக விட்டது. ஓரிடத்தில் புல்லுக்குள் குந்தியிருந்த கல்லைக் காட்டி, "இதோட பிரான்சு" என்றாள் கம்சனா. கல்லின் தலையில் ஒரு நத்தை ஊர்ந்தது. வேறு காவல் இல்லை.

எல்லாவற்றையும்விட அவள் அதிகம் பார்த்தது மகளின் முதுகைத்தான். கண் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிற இந்தப் பெண் ஞாயிறு விடிந்தால் தடித்த ரயர் போட்ட சைக்கிளோடு காணாமல் போவாள். பொழுதுபட முழங்கால் வரை புழுதியோடு வருவாள். "ஜெர்மன்காரன் இஞ்சை கண்ணாடி மாதிரித் தார் போட்டு வைச்சிருக்கிறான். இவள் பிரான்சுக்குப் போய்க் கிறவல் றோட்டுத் தேடுறாள்" என்று ராசன் சிரிப்பான், சுந்தரேஸ்வரியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். வீட்டில் மூன்று சொல் கேட்டால் ஒரு சொல் பேசுகிறவள் இங்கே எதிரே வருகிற எல்லோருக்கும் "சலூ" சொன்னாள். பெரிய கல் கிடந்தால் கையை நீட்டிக் காட்டினாள். தூண்டில்காரர்களின் நீண்ட தடிகள் பாதையை மறித்தபோது மணி அடிக்காமல் மெல்ல நின்று, பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவர்கள் சிரித்துக்கொண்டு தடியைத் தூக்கினார்கள். தண்டவாளம் கழற்றிய பழைய ரயில்பாதை எது, மழைக்குச் சேறாகும் காட்டுப்பாதை எது, எந்த ஊர்க் கோயில் சுவரில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குள் இவ்வளவு பெரிய ஊர் இருப்பதைச் சுந்தரேஸ்வரி இன்றைக்குத்தான் கண்டாள்.

படகுகளை ஏற்றி இறக்கும் ஒரு மதகடியில் இளைப்பாற நின்றார்கள். தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் பையைத் திறந்த சுந்தரேஸ்வரி கையை உதறினாள். கை முழுக்கச் சிவப்பு. குங்குமச் சிமிழ் சரளையில் குலுங்கிக் குலுங்கி மூடி கழன்று கிடந்தது. வாழைப்பழச் சீப்பு சிவப்பு. வெற்றிலை சிவப்பு. மஞ்சள் பூசிய அழைப்பிதழ் உறையைத் தூக்கினால் மடிப்பிலிருந்து மணல்போலச் சிவப்பு கொட்டியது.

அவள் மதகின் கட்டையில் அப்படியே இருந்துவிட்டாள். அந்தக் குங்குமத்தைக் கொண்டுபோவதா விடுவதா என்று இரண்டு இரவு யோசித்திருந்தாள். வேதக்காரி வீட்டுக்குக் கொண்டுபோனால் குத்திக்காட்டுவது போலாகும். கொண்டுபோகாவிட்டால் இரண்டாந்தரமும் அவளைத் தாண்டிப் போனதாகும். கடைசியில் துணிந்து எடுத்து வைத்தாள். இப்போது பாதை தன் முடிவைச் சொல்லிவிட்டது.

"குங்குமம் கொட்டுறது நல்ல சகுனமில்லைப் பிள்ளை. திரும்புவம்."

"திரும்பினாலும் இதே கல்லுத்தானம்மா. கிடக்கிற மிச்சமும் கொட்டும்."

"உனக்கு எல்லாம் பகிடி. உன்ர கலியாணமடி இது."

"என்ர கலியாணந்தானே. அப்ப நான் சொல்லுறன், போவம்." கம்சனா ஒரு பெரிய இலையைப் பறித்து வாழைப்பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு உறையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "கலியாணக் காட் இப்பத்தான் வடிவாயிருக்கு."

அண்ணன் வீட்டுக் கதவைப் பேர்பெச்சுவாதான் திறந்தாள். தலை நரைத்திருந்தது. இருவரையும், வேலியில் சாய்ந்து நின்ற சைக்கிள்களையும், சுந்தரேஸ்வரியின் சல்வாரில் தெறித்திருந்த வெள்ளைச் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், சார்புரூக்கனிலயிருந்து உருண்டோ வந்தனீங்கள்?"

"ஓம் மச்சாள். உருளாத குறைதான்."

உள்ளே கூட்டிப்போனாள். மேசையில் பூவேலை செய்த வெள்ளை விரிப்பு. சுந்தரேஸ்வரி பழமும் வெற்றிலையும் வைத்து, இரண்டு கையாலும் உறையை நீட்டினாள். "கொஞ்சம் கவனமா..." என்று சொல்லி முடிக்க முதல் பேர்பெச்சுவா உறையைத் திறந்துவிட்டாள். குங்குமம் விரிப்பின் மேலே கொட்டியது. அவளுடைய விரல்களில், மடியில், காலடி வரைக்கும் கொட்டியது. சுந்தரேஸ்வரி நீட்டிய கைகளைப் பின்னுக்கு இழுத்தாள். கம்சனா யன்னலைப் பார்த்தாள்.

பேர்பெச்சுவா சிவந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்டைக்குத் தராததை எல்லாம் இண்டைக்கு ஒரேயடியாக் கொட்டிப்போட்டியள்" என்றாள். சொல்லும்போதே வாயோரம் இழுத்தது. இழுத்தது சிரிப்பாகி, சிரிப்பு இருமலாகி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சுந்தரேஸ்வரியும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைக்கப்போய் கன்னத்திலும் சிவப்புப் பட்டது. விரிப்பைத் தட்டட்டுமா என்று கேட்டதற்கு, "கிடக்கட்டும்" என்றுவிட்டாள் பேர்பெச்சுவா.

"அண்ணை?"

"பின்னால நிக்கிறார். உங்களைக் கண்டவுடன கத்தரிக்குத் தண்ணி விடப் போயிட்டார். நேற்று முழுக்க மழை."

சுந்தரேஸ்வரி பின்வாசல் படியில் போய் நின்றாள். நாகமுத்து குழாயோடு முதுகைக் காட்டி நின்றார். கழுத்து மெலிந்து, சட்டைக் கொலர் தனியே நின்றது. பாத்தியில் தண்ணீர் வழிந்து அவருடைய செருப்பைத் தொட்டது.

"அண்ணை, வாற மாதம் பிள்ளைக்குக் கலியாணம். நீங்களும் மச்சாளும் முதல் நாளே வந்து, முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப்பார்த்து வந்த வார்த்தைகள் அவை. ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டாள். தண்ணீர் போய்க்கொண்டேயிருந்தது.

"என்னத்தில வந்தனீங்கள்?"

"சைக்கிளில."

அவர் திரும்பினார். தங்கையின் கன்னத்துச் சிவப்பையும் அவளுக்குப் பின்னால் நின்ற கம்சனாவின் தலைக்கவசத்தையும் பார்த்தார். "ராசன்?"

"அவர் வரேல்லை அண்ணை."

அவர் மறுபடி கத்தரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். பேர்பெச்சுவா இருவரையும் இருத்திச் சோறு போட்டாள். கணவாய்க் கறியை அகப்பை அகப்பையாக ஊற்றினாள். நாகமுத்து சாப்பிட வரவில்லை. புறப்படும்போது பேர்பெச்சுவா சுந்தரேஸ்வரியின் கையைப் பிடித்து, "நான் வருவன் மச்சாள். அவற்ர கதை எனக்குத் தெரியாது" என்றாள். தாய்மாமன் இல்லாமல் அவள் தனியாக வருவதில் பயனில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் வெயில் தண்ணீரின் மேலே சாய்ந்து கிடந்தது. மதகு கடந்தார்கள். தூண்டில்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். சுந்தரேஸ்வரி இப்போது பயமில்லாமல் மிதித்தாள். பயப்படுவதற்கு மனதில் இடமில்லை.

"அம்மா, பின்னால ஆரோ வருகினம்."

அவளுக்கும் கேட்டது. சரளையில் இன்னொரு சைக்கிள், கழன்ற மட்கார்டு கிடுகிடுக்க. "விலத்திவிடு பிள்ளை, போகட்டும்." இருவரும் ஓரமாக ஒதுங்கினார்கள். சத்தம் அவர்களைக் கடந்து போகவில்லை. அதுவும் மெதுவாயிற்று. அவர்கள் மிதித்தால் அதுவும் மிதித்தது. பிறகு ஒரு செருமல் கேட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்குகிறவனின் செருமல். பிறந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த செருமல் அது.

"அம்மா, மாமா..."

"திரும்பிப் பாக்காதை."

"ஏன்?"

"பாத்தால் வேற வேலையா வந்தனான் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பியிடுவார்."

கம்சனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுந்தரேஸ்வரி கைப்பிடியில் இருந்த பொத்தானை அழுத்தி மோட்டரை நிறுத்தினாள். சைக்கிள் சட்டென்று கனத்தது. தொடை இறுகியது. பின்னால் வருகிற வயதான காலுக்கு ஏற்றபடி மெல்ல மிதித்தாள், மகளும் அவளுக்கு ஏற்றபடி மெதுவானாள். புல்லுக்குள் குந்தியிருந்த எல்லைக் கல் பக்கத்தில் வந்து, பின்னால் போயிற்று. மட்கார்டுச் சத்தம் நிற்கவில்லை.

வளைவுக்கு அப்பால் சரளை முடிந்து தார் தொடங்கும் இடம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அங்கிருந்து ஓட்டோபானின் இரைச்சல் லேசாகக் கசிந்து வந்தது. அதற்குள் போய்விட்டால் பின்னால் வருகிற சத்தம் கேட்காது. அவர் வருகிறாரா, நின்றுவிட்டாரா என்று தெரியாது. சுந்தரேஸ்வரி இன்னும் மெதுவாக மிதித்தாள். விழுந்துவிடாத அளவுக்கு மட்டும். பொடிக்கற்கள் ஒவ்வொன்றாகச் சக்கரத்தின் கீழே நெரிந்தன, பின்னாலும் நெரிந்தன.