குடைகளுக்கு நடுவே ஒரு பாதி வீடு

“பாதி உங்களுதுதான். ஆனா எந்தப் பாதின்னு மட்டும் கேட்காதீங்க.”

“சமையலறை யாருது வக்கீல் சார்?”

“உங்களுக்கும் தம்பிக்கும். ஒவ்வொரு செங்கல்லும் ரெண்டு பேருக்கும்தான்.”

அக்காவுக்குத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இந்த மாதத்தோடு ஓய்வு. வேலையோடு கொடுத்த அறையும் போய்விடும். பெற்றோர் விட்டுப்போன வீடு இருக்கிறதே என்று மலைபோல் நம்பியிருந்தாள். தம்பியோ ஒரு வார்த்தை சொல்லாமல் அதில் குடை ரிப்பேர்க்காரர் ஒருவரைக் குடிவைத்துவிட்டான்.

“அந்தக் குடைக்காரரைக் கிளப்ப முடியாதா?”

“தம்பி தன் உரிமையில வெச்சிருக்கார். நீங்க தனியா கிளப்ப முடியாது. பாகம் கேட்டு வழக்குப் போடலாம், உங்க பேரன் காலத்துல முடியும்.”

“எனக்குக் கல்யாணமே ஆகலை.”

“அப்போ பெட்டியோட போய் நீங்களும் உட்காருங்க. உங்களையும் யாரும் கிளப்ப முடியாது.”

போனாள். கூடம் முழுக்க விரித்த குடைகள். நடுவில் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். ஒரே வாரத்தில் ஆள் ஓடிவிடுவார் என்பது கணக்கு.

குடைக்காரர் ஒரு குடையை மடக்கி இடம் விட்டார். “ஜன்னலைத் திறந்துக்கட்டுமாம்மா? உங்க வீடு, கேட்டுக்கணுமில்ல.”

ஆணி அடிக்கக் கேட்டார். அடுப்புப் பற்றவைக்கக் கேட்டார். சலவைக்கூடத்தில் அழுக்குத் துணிகூட அவளைக் கேட்டு வந்ததில்லை. ஓடவேண்டியவர் இருக்க, துரத்த வந்தவள் கிழிந்த குடைத்துணிக்கு ஒட்டுப்போட உட்கார்ந்துவிட்டாள்.

அடைமழையில் ஒருநாள் தம்பி வாசலில் வந்து நின்றான், கையில் பெட்டி. அவன் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம்.

“குடைக்காரரை அனுப்பிடலாம்க்கா. நான் இங்க வந்துடறேன்.”

“நீ தனியா கிளப்ப முடியாதுடா.”

“நான்தானே வெச்சேன்?”

“இப்போ நானும் வெச்சிருக்கேன்.”

“அப்போ நானும் உள்ள வந்து உட்காருவேன். ஒவ்வொரு செங்கல்லும் எனக்கும்தான்.”

“வாயேன். யாரு தடுத்தா?”

வாசலை அடைத்துக்கொண்டு பெரிய குடை ஒன்று விரிந்திருந்தது. ஒட்டின்மேல் தடவிய பசை இன்னும் காயவில்லை. குடைக்காரர் அதன் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, உத்தரவுக்காக அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது.

“அக்கா... அந்தக் குடையை மட்டும் கொஞ்சம் மடக்கச் சொல்லேன்.”