தங்கமுத்துவின் கிடா காணவில்லை

சிரிப்புக் காட்சி எழுதுவதற்காகத்தான் பிராங்க்ளின் ஆலங்குடியிலிருந்து சென்னைக்குப் போனார். சினிமாவோ இருபது வருஷமும் அவரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகும் அப்பாக்களுக்கு வசனம் எழுத வைத்தது. ஆசையாக எழுதிய நகைச்சுவையெல்லாம் எடிட்டிங்கில் போனது. ஒருநாள் வெறுத்துப்போய் ஊர் திரும்பியவர், தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோடு சரி. பேனாவைத் தொடவில்லை.

அவரிடம்தான் பக்கத்து வீட்டுத் தங்கமுத்து ஓடிவந்தார். பேத்தியின் காதுகுத்து விருந்துக்கு வளர்த்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

"அண்ணே, ஆட்டோவுல மைக் கட்டியாச்சு. என்ன பேசுறதுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க."

"அதெல்லாம் விட்டுட்டேன், தங்கமுத்து."

"தென்னமரத்த அண்ணாந்து பாத்துக்கிட்டு சும்மாத்தான இருக்கீங்க. எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி ஷர்லி.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். இரண்டு வரி தாண்டியதும் கை நிற்கவில்லை. தங்கமுத்து அதை எழுத்துக்கூட்டித் திணறுவதைக் கேட்கச் சகிக்காமல் தாமே ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடுங்கினார்.

"பொதுமக்களே! கறுப்புக் கிடா, நெற்றியில் வெள்ளை. வீட்டில் யாரோடும் மனஸ்தாபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தைப் பற்றி யாரோ அதன் காதில் போட்டிருக்கிறார்கள். கண்டவர்கள் மசாலா அரைக்காமல் தகவல் தரவும். அன்புள்ள கிடாவே! நீ எங்கிருந்தாலும் உடனே வரவும். உன் பிரிவால் தங்கமுத்து படுத்த படுக்கையாக இருக்கிறார். விருந்தைச் சாம்பாராக மாற்றிவிட்டோம்!"

பக்கத்தில் திடகாத்திரமாக உட்கார்ந்திருந்த தங்கமுத்து திடுக்கிட்டார். கடைத்தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து "இன்னொரு தடவ சொல்லுங்க!" என்று கத்தினார்கள். பிராங்க்ளினுக்குப் புல்லரித்துவிட்டது. இன்னொரு தடவை சொன்னார்.

சாயங்காலம் முந்திரித் தோப்பு வனிதா கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் பாதித் தெரு.

"சாம்பார்தான்னு சொல்லுங்க, கயித்தத் தாரேன்."

"அட, அது சிரிப்புக்குச் சொன்னதும்மா!" என்றார் தங்கமுத்து.

"மைக்ல சொன்னா சொன்னதுதான். எங்க வீட்டுப் புள்ளைக அதுக்குப் பேரே வச்சிருச்சுக."

தங்கமுத்து பரிதாபமாகப் பிராங்க்ளின் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்த ஒத்த வரிய மட்டும் மாத்திருங்களேன்."

"மாத்த மாட்டேன்" என்றார் பிராங்க்ளின். இருபது வருஷத்தில் எந்தத் தயாரிப்பாளரிடமும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை சாம்பார்தான். பந்தியில் ஆளுக்கொரு விதமாக அந்த அறிவிப்பை நடித்துக் காட்டியதில் பாதிப் பேருக்குப் புரையேறியது. அன்றைக்கே பிராங்க்ளின் ஒரு நாடகம் எழுத உட்கார்ந்தார்.

தினமும் எழுதியதை வாசலில் வைத்து ஷர்லிக்குப் படித்துக் காட்டுவார். தங்கமுத்து இன்னும் அவரோடு பேசுவதில்லை. ஆனால் படிக்கும் நேரம் பார்த்து வேலியோரம் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டே இருக்கும்.