கதவில் போட்ட எண்

மணிமொழி செய்த தவறு சின்னதுதான். கதவுகளில் சாக்பீஸால் எண் போட்டாள்.

மயிலாப்பூர் மாலைக் கல்லூரியில் சமூகப்பணிப் பட்டயம் படிக்கிறவள் அவள். பகலில் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் உட்கார்ந்து சரக்கு விவரங்களைக் கணினியில் ஏற்றுவாள். எதையும் வரிசைப்படி செய்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். செய்து முடித்த பிறகு, சரியாகத்தான் செய்தோமா என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகங்களுக்கு நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களை ஒதுக்கியிருந்தாள். அந்த வாரம் நூற்றுப் பதினாலு வரை வந்திருந்தது.

அடையாற்றங்கரைக் குடியிருப்பில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டிக் குழு தொடங்க நினைத்தாள். ஒரு பிள்ளைக்கு ஓர் அக்கா, வாரத்தில் ஒரு மணி நேரம். படிப்போ, வேலையோ, மனசில் கிடப்பதோ, எதை வேண்டுமானாலும் பேசலாம். அக்காக்கள் வகுப்பிலேயே கிடைத்துவிட்டார்கள். பிள்ளைகள்தான் வேண்டும். அங்கே மகளிர் சங்கத் தலைவியாக இருந்த தேவானை, சங்க ஹாலைத் தருவதாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் பத்துப் பொண்ணுங்க ஒக்காந்துகினு இருக்கணும். இல்லாங்காட்டி ஹாலு கேரம் கிளப்புக்கு. சக்திவேலு ஒரு மாசமா சாவி கேட்டுக்கினு கீறான்."

அதனால் புதன்கிழமை மாலை மணிமொழி நோட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை பெண்பிள்ளை உள்ள வீடு என்றால் பெயரை எழுதிக்கொண்டு, மறுபடி அதே கதவைத் தட்டிவிடாமலிருக்கக் கதவின் மூலையில் ஓர் எண் போட்டாள். கடையில் எண்ணி முடித்த மூட்டை மேல் அப்படித்தான் போடுவார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று கதவுகள். வீட்டுக்குத் திரும்பும்போது தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம்கூட வந்தது.

மறுநாள் மத்தியானம் தேவானை போன் செய்தாள்.

"இன்னாம்மா பண்ணிட்டுப் போயிக்கிற? இங்க ஒரு வூட்லகூட ஒல வைக்கல."

அந்தக் குடியிருப்பில் கதவில் எண் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆற்றின் மேல்பக்கம் இருந்தவர்களிடமும் குடிசை மாற்று போர்டுக்காரர்கள் இப்படித்தான் நோட்டோடு வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, கதவில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். நாலாவது மாசம் லாரி வந்தது. எண் இருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு. எண் இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.

கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு மணிமொழி போய்ச் சேர்ந்தபோது முப்பது பேர் நின்றிருந்தார்கள். எண் வாங்கியவர்கள் லாரி என்றைக்கு என்று கேட்டார்கள். எண் வாங்காதவர்கள் அதைவிடக் கோபமாக இருந்தார்கள்.

"எனக்குப் பொண்ணு இல்லன்னா நான் மனுசன் இல்லியா?" என்றான் கேரம் கிளப் சக்திவேல். "எங்க வூட்டுக்கு ஏன் நம்பர் போடல?"

"அது போர்டு நம்பர் இல்லைங்க. நான் ஒரு மாணவி. சும்மா ஒரு அடையாளத்துக்காக..."

"அன்னிக்கும் சும்மா கணக்குன்னுதான் சொன்னானுங்க."

அழித்துவிடலாம் என்று ஈரத்துணியோடு முதல் கதவுக்குப் போனாள். அந்த வீட்டு அம்மாள் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றுகொண்டாள். பத்தொன்பதாம் எண்ணின் மேல் மழை படாமலிருக்க பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டாம் வீட்டுக்காரர் காலையில் பயந்துபோய் பினாயில் போட்டுத் தேய்த்து அழித்தவர், மத்தியானம் அதைவிடப் பயந்துபோய் பெயின்டால் தானே எழுதிவிட்டிருந்தார்.

முப்பத்தொன்றாம் வீட்டு வாசலில் பூஜா நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பு. நோட்டில் பெயர் இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? நீ பேசறதே போர்டுக்காரங்க மாரி கீது. 'தங்கள் இல்லத்தில் எத்தனை பேர்'னு எங்க அம்மாவாண்ட கேட்ட. எங்க அம்மா அப்பவே மூட்ட கட்டிடுச்சி."

"வேற எப்படிக் கேட்கணும்?"

"நீ ஒண்ணும் கேக்காத. பின்னாடி வா."

வெள்ளியும் சனியும் இரண்டு பேரும் நாற்பத்து மூன்று கதவையும் தட்டினார்கள். பூஜா ஒவ்வொரு வாசலிலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்.

"இவுங்க போர்டு இல்ல ஆயா. இவுங்களுக்கு இன்னும் கவுருமெண்டு வேலையே கெடைக்கல. படிச்சிகினு கீறாங்க. தெரியாம எழுதிட்டாங்க, பாவம்."

வேலை கிடைக்கவில்லை என்பதைக் கேட்டதும் பல முகங்கள் இளகின. இரண்டு வீட்டில் டீ கொடுத்தார்கள். இருபத்தாறு வீட்டில் அழிக்க விட்டார்கள். பதினேழு வீட்டில், இருந்துவிட்டுப் போகட்டும், எதுக்கும் ஆகும் என்றார்கள். பிள்ளையை அனுப்புகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மணிமொழி நாட்குறிப்பில் நூற்றுப் பதினைந்தாவதாக, 'பத்துப் பேர் வருவார்களா' என்று எழுதி, அடித்துவிட்டு, 'யாராவது வருவார்களா' என்று எழுதினாள்.

ஞாயிறு நாலு மணிக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே ஏழெட்டு அம்மாக்கள், உள்ளே யாராவது கையெழுத்து வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் சக்திவேல், தலையில் கேரம் போர்டோடு.

தேவானை மணிமொழியைப் பார்த்தாள். "பத்து கீதா?"

கீது என்று சொல்லியிருக்கலாம். தேவானை எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை.

"ஒன்பது," என்றாள் மணிமொழி.

"கேட்டுக்கினியாக்கா? ஒம்போது." சக்திவேல் போர்டை இறக்கினான்.

பூஜா கையைத் தூக்கினாள். "போறதுக்கு மின்னாடி ஒரு கேள்வி. எது வேணா கேக்கலாம்னு சொன்னியே. எங்கள எப்ப காலி பண்ணுவாங்க?"

மணிமொழி தயாரித்து வைத்திருந்த பன்னிரண்டு கேள்வி பதில்களில் இது இல்லை. நோட்டைப் புரட்டினாள். மூடினாள்.

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"அதுவும் தெரியாது. ஆனா எழுதிக் கேட்கலாம். மனு எழுதி நேர்ல குடுத்து, குடுத்ததுக்குச் சீட்டு வாங்கிக்கணும். பதில் வர்ற வரைக்கும் வாரா வாரம் போய்க் கேட்கணும். அது எனக்கு வரும்."

தேவானை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதினஞ்சு வருசமா தலைவி நானு. என்னாண்டயே யாரும் சொன்னதில்ல. எழுதுங்கடி."

"அப்போ ஹாலு?" என்றான் சக்திவேல்.

"மனு முடியட்டும்டா."

"மனு எப்ப முடியும்?"

"பதில் வரச்சொல்லோ."

சக்திவேல் கணக்குப் போட்டுப் பார்த்தான். அரசாங்கத்திலிருந்து பதில் வர எவ்வளவு நாளாகும் என்று அவனுக்கும் தெரியும். போர்டை மறுபடி தலையில் ஏற்றினான்.

"எங்க வூட்டையும் சேத்து எழுதுங்க. ரெண்டாவது சந்து, நீலக் கதவு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பூஜாவிடமே பேனாவைக் கொடுத்தார்கள். 'மதிப்பிற்குரிய' வரை எழுதி நிறுத்தினாள்.

"ஐயாவா அம்மாவா அக்கா? ஆபீசரு யாருன்னு தெரியலியே."

தெரியாவிட்டால் 'ஐயா' என்றே போடும் வழக்கமான முறையைச் சொல்ல மணிமொழி வாயைத் திறந்தாள். ஒன்பது பேரும் காத்திருந்தார்கள்.

"அம்மான்னு போடு," என்றாள். "ஐயாவா இருந்தா அவரே திருத்திக்கட்டும்."