கிழித்துப்போட்ட புரோநோட்டு

"முனியப்பா, ஜெயிச்சிட்டோம்யா!" என்று சித்தூரிலிருந்து வக்கீல் சத்தியநாதன் போனில் கத்தியபோது, வெதுருகுப்பத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த முனியப்பனுக்கு எதில் ஜெயித்தோம் என்றே விளங்கவில்லை.

"எந்தக் கேசு சார்?"

"சடகோபன் கேசுய்யா! அசல் ஒரு லட்சம், வட்டி, கோர்ட்டுச் செலவு எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் அந்த ஆளு உனக்குத் தரணும்னு தீர்ப்பு. பணத்தைக் கட்டச் சொல்லி நோட்டீசும் அனுப்பிட்டேன். இந்நேரம் கையில கெடைச்சிருக்கும்."

அந்தச் சடகோபன் இப்போது முனியப்பனுக்குச் சம்பந்தி. ஒரே மகள் ரூபா அந்த வீட்டு மருமகள், ஏழு மாதக் கர்ப்பிணி. ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் அவளுக்குச் சீமந்தம். இன்று வெள்ளி.

கதை இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன் பாகாலா நிலத்தில் போர்வெல் போடச் சடகோபன் முனியப்பனிடம் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கினார். போரில் புழுதிதான் வந்தது. பணம் திரும்பவில்லை. முனியப்பன் கேஸ் போட்டு, கூண்டில் ஏறிச் சாட்சியும் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பிள்ளைகளுக்கு நிற்கவில்லை! ரூபாவும் சடகோபனின் மகன் சீனுவும் திருப்பதியில் ஒரே செல்போன் கடையில் வேலை பார்த்து, ஒரே முடிவாக வந்து நின்றார்கள்.

கொரோனா காலத்துக் கல்யாணம். ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. அந்த ஐம்பது பேர் முன்னால் முனியப்பன் புரோநோட்டை எடுத்து உயர்த்திக் காட்டி, சுக்கு நூறாகக் கிழித்தெறிந்தார். என்ன கைதட்டல்! கிழித்தது ஜெராக்ஸ் என்றோ, அசல் கோர்ட்டுக் கட்டில் பத்திரமாக இருக்கிறது என்றோ யாருக்குத் தோன்றியது? நோட்டு கிழிந்தால் கேஸும் கிழிந்தது என்பது இரண்டு குடும்பத்தின் சட்ட ஞானம். அப்புறம் சடகோபன் கோர்ட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வக்கீலுக்கோ கல்யாணப் பத்திரிகையே போகவில்லை. வாங்கிய ஃபீசுக்கு வஞ்சகமில்லாமல் கேஸை நடத்திக்கொண்டே இருந்திருக்கிறார், புண்ணியவான்.

முனியப்பனோ அந்தக் கிழித்த கதையை டீக்கடையில் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லத் துண்டுகள் பொடியாகிக்கொண்டே போயின.

விஷயம் தெரிந்ததும் மனைவி செங்கம்மா பிடித்துக்கொண்டாள். "கிழிக்கிற மனுசன் பாத்துக் கிழிக்கக் கூடாதா? சம்மந்தி தப்பா நெனச்சிகினாருன்னா பொண்ணு அந்த வூட்ல எப்டி வாழுவா? கால்ல வுயுந்தாவது சரி பண்ணிட்டு வா, போ!"

திருப்பதி போகும் வரை பஸ்ஸில் அவர் என்னென்னவோ ஒத்திகை பார்த்தார். போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே சடகோபன் நோட்டீசும் கையுமாக நிற்கிறார். முனியப்பன் செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தார்.

"சம்மந்தி, சத்தியமா எனக்குத் தெரியாது. அந்த வக்கீலு..."

"வாங்க, வாங்க! உங்களுக்குத்தான் காத்துகினு கீறேன்." சடகோபன் சிரித்தார். பல்லெல்லாம் தெரிய அவர் சிரித்து முனியப்பன் பார்த்ததே இல்லை. உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். "மொத்தமும் கீது. லாட்ஜில வாட்ச்மேன் வேலை பாத்து, சீட்டு கட்டி எடுத்தது. மூணு மாசமா வச்சிகினு முழிக்கிறேன். குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க."

"சீச்சீ! சம்மந்திகிட்ட வட்டி வாங்கித் துன்னுவனா நானு? அன்னிக்கே நான்..."

"அன்னிக்கு நீங்க கிழிச்சீங்க, எல்லாரும் கை தட்டுனாங்க." சடகோபனின் சிரிப்பு நின்றது. "நான் எங்க நின்னேன்னு பாத்தீங்களா? கைய கட்டிகினு நின்னேன். அன்னையிலேர்ந்து உங்க வூட்ல வயிறாரத் துன்னதில்ல. பேரப்புள்ள வர்றதுக்குள்ள அந்தக் கடன எறக்கி வைக்கணும்னு பாத்தேன். கோர்ட்டே வழி வுட்டுச்சு. நீங்க தடுக்காதீங்க."

டீக்கடையில் அத்தனை முறை சொன்ன கதையில், இந்த மனுஷன் எங்கே நின்றார் என்று ஒரு முறைகூட முனியப்பன் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் சித்தூர் போய் இறங்கினார்கள். டிக்கெட்டை யார் எடுப்பது என்று வழியெல்லாம் சண்டை. சம்பந்திகள் என்று கேட்டதும் சத்தியநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாய்யா இது! ஒரு வார்த்த சொல்லி இருந்தா கேச வாபஸ் வாங்கி இருப்பேனே!"

"நல்ல வேளை சொல்லல" என்றார் சடகோபன்.

பணம் மேஜைமேல் வந்தது. எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். "கணக்குத் தீந்துதுன்னு கையெழுத்துப் போடு முனியப்பா. சம்மந்திங்களுக்குள்ள எண்ணறது வேற எதுக்கு?" என்றார் வக்கீல்.

முனியப்பன் பேனாவைத் தள்ளி வைத்தார். எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக எண்ணினார். முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். சடகோபன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நானூத்தி இருவத்தேழு. ஒரு தாளு கொறையுது, சம்மந்தி."

"யோவ், ஐந்நூறு ரூபாய்க்காய்யா?" என்று வக்கீல் பதறினார்.

"கொறையுது சார். வந்தாத்தான் கையெழுத்து."

சடகோபன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டைப் பையைத் துழாவி ஓர் ஐந்நூறை எடுத்து மேஜைமேல் ஓங்கி அடித்தார். "புடிய்யா! நல்லா வெளிச்சத்துல பாத்துக்கோ. அப்பறம் கள்ள நோட்டுன்னு சொல்லிகினு என் வாசல்ல வந்து நிக்காத!"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் முனியப்பனை அதட்டியது அதுதான் முதல் தடவை. முனியப்பன் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நன்றாகப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.