படியில் கிடந்த ஹீல்ஸ்

பெண்பிள்ளை நடக்கும் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பது என் உம்மா சுபைறாவின் சட்டம். உம்மாவுக்கு அவருடைய உம்மா போட்ட சட்டம் அது. கல்முனை பஸாரில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் தட்டையான றப்பர் செருப்புக்குத்தான் அவர் கை போகும். என் ஹீல்ஸ் டக் டக்கென்றால் போதும், முகம் சுண்டிவிடும்.

என்னைப் பெண் பார்க்க சாய்ந்தமருதிலிருந்து ஆட்கள் வரவிருந்த அன்று காலையிலேயே தொடங்கிவிட்டார்.

"மகள், அந்தச் செருப்ப இண்டைக்கு மட்டும் படியில வெக்காத."

"ஏலா, வெப்பன். மாப்பிள்ளை இந்த ஊட்டுக்குத்தானே வந்து இரிக்கப்போறார்? பாத்துட்டே வரட்டும்."

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வீடு எனக்காம், வாசற்படியில் மட்டும் என் செருப்புக்கு இடமில்லையாம்! கோபம் கோபமாக வந்தது. ஆனால் வருகிறவர்களுக்காக வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்த உம்மாவைப் பார்க்க மனம் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் செருப்பை எடுத்து என் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் தாய் ஹுஸ்னியாவும் இரண்டு உறவுக்காரப் பெண்களும் வந்தார்கள். ஹுஸ்னியா வாய்விட்டுச் சிரிக்கிறவர். நான் படிப்பிக்கும் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரித்தார். இந்த இடம் சரிவரவேண்டுமே என்று எனக்குள் ஆசை எழுந்தது.

புறப்படும்போது அவருடைய செருப்பைக் காணவில்லை.

"கறுப்பு. கொஞ்சம் குதி உசந்தது," என்றார்.

உம்மா வெலவெலத்துப் போனார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஹஜ்ஜுக்குப் போய்வந்த, ஐம்பது தாண்டிய ஒரு பெண் ஹீல்ஸ் போடுவார் என்று உம்மாவுக்குக் கனவிலும் தோன்றாது. படியில் கண்டதை என்னுடையது என்று நினைத்து ஒளித்துவிட்டார்.

"நாய் தூக்கிட்டுப் போயிரும் எண்டு உள்ள வெச்சன் ராத்தா," என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய், நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தார். ஒட்டியிருந்த உமியை முந்தானையால் துடைத்து, குனிந்து அவர் காலடியில் நேராக வைத்தார்.

"அல்லாஹ்வே, நீங்க என்னத்துக்குத் துடைக்கிறீங்க!" ஹுஸ்னியா பதறினார். பிறகு, "புள்ளைய எங்களுக்குப் பிடிச்சிரிக்கி," என்று சொல்லிவிட்டு டக் டக்கென்று நடந்து வேனில் ஏறினார். உம்மாவின் முகம் சுண்டவே இல்லை.

சந்தோசப்படவேண்டிய நேரம். எனக்கோ உமி ஒட்டிய அந்த முந்தானைதான் கண்ணில் பட்டது.

"என்ட செருப்ப நான் காலையிலேயே உள்ள எடுத்திட்டன் உம்மா. உங்களுக்காகத்தான்."

உம்மா முந்தானையை உதறினார்.

"அவட செருப்ப முந்தானையால துடைச்சீங்க. என்ட செருப்பெண்டா ஒளிக்கிறீங்க."

"அவ போட்டா அது அவட விருப்பம்," உம்மா மெதுவாகச் சொன்னார். "நீ போட்டா என்ட வளப்பு எண்டுதானே சொல்லுவாங்க."

நான் அறைக்குப் போய் ஹீல்ஸை எடுத்துவந்து, படியில் உம்மாவின் றப்பர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். உம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அதை எடுத்து ஒளிக்கவில்லை. துடைக்கவும் இல்லை.