ஆயிரமாவது நாள் குக்கர்

எங்கள் மில் வாசலில் ஒரு பலகை உண்டு. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே எண் போட்டிருக்கும். ஷிப்டு தொடங்குமுன் எண்ணை மாற்றுவது என் பொறுப்பு. ஆயிரம் நாள் தொட்டால் ஆளுக்கொரு குக்கர் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஐந்து லிட்டர், நல்ல கனத்த அடி. மாதிரிக்கு ஒன்றை ஆபீஸ் அலமாரியில் வைத்திருந்தார்கள். வேன் ஏறுமுன் அதை ஒரு பார்வை பார்க்காத பெண் எங்களில் கிடையாது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் நாள் எங்கள் ஷிப்டுச் செல்லக்கனியின் வலது கையைப் பஞ்சு சீவும் கார்டிங் மெஷின் இழுத்துவிட்டது. மூடியைத் திறந்தால் அது தானாக நிற்க வேண்டும். நின்றால் உற்பத்தி குறைகிறதென்று சூப்பர்வைசர் பெலிக்ஸ் அப்படி நிறுத்தும் சுவிட்சைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார். இது ஆபத்து என்று பாதுகாப்புக் கூட்டத்தில் எழுந்து சொன்னவள் கனி ஒருத்திதான். பெரிய சட்டக்காரி வந்துவிட்டாள் என்று நாங்கள் சிரித்தே அவளை உட்காரவைத்தோம். நாலு விரல் போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கனியைக் காரில் கொண்டுபோகும்போது பெலிக்ஸ் என்னிடம் பேசினார். வன்னியம்பட்டியில் கனிக்கும் எனக்கும் அடுத்தடுத்த வீடு. என் வீட்டில் மாடு இருக்கிறது, புல் வெட்டும் மெஷினும் இருக்கிறது. அதில் கை மாட்டியதாகச் சொல்லிவிட்டால் பலகைக்குப் பங்கமில்லை, கனியின் வேலைக்குத் தான் பொறுப்பு என்றார். மில்லில் நடந்தது என்றால்தான் அவளுக்கு ஆயுசுக்கும் உதவித்தொகை கிடைக்கும். அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

“மில்லுல நடந்ததுன்னே சொல்லு செல்வியக்கா,” என்றாள் கனி. “இந்தக் கைய விட்டா எனக்கு வேற என்ன இருக்கு.”

வழியிலேயே மூன்று பேர் எனக்குப் போன் போட்டுவிட்டார்கள். ஒருத்தி கனி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். மற்ற இருவரும் இன்னும் மூன்று நாள்தானே என்றார்கள்.

டாக்டர் விசாரித்தபோது கனி மயங்கிக் கிடந்தாள். புல் வெட்டும் மெஷின் என்று நான் சொன்னேன், அதையே அவர் எழுதிக்கொண்டார். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. எனக்கும் குக்கர் வேண்டியிருந்தது.

ஆயிரமாவது நாள் பந்தல் போட்டு விழா நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கனியைக் காரில் கூட்டிவந்து மேடையேற்றினார்கள். கட்டுப் போட்ட கையை முதலாளி தன் கையாலேயே தூக்கிக் காட்டினார். மில்லுக்குள் இருக்கும்வரை நீங்கள் பத்திரம், வீட்டில்தான் உங்களுக்குக் கவனம் பத்தவில்லை, இவளைப் பார்த்தாவது திருந்துங்கள் என்றார். முதலில் பெலிக்ஸ் கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினோம். கனிக்கும் ஒரு குக்கர் கொடுத்தார்கள்.

கட்டுப் பிரித்ததும் அவள் வேலைக்கு வந்தாள். இந்தக் கையோடு மெஷின் பக்கம் விடுவது ஆபத்து, பாதுகாப்பு விதி இடம் கொடுக்காது என்று பெலிக்ஸ் அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நான் அப்போது பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைய எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அரிசியும் தண்ணீரும் போட்ட குக்கரை இடக்கையில் அணைத்துக்கொண்டு கனி என் வீட்டுக்கு வந்தாள். மூடியைத் திருகிப் பூட்ட இரண்டு கை வேண்டும். வழியில் வேறு வீடுகளும் இருந்தன. அவள் எதிலும் நிற்கவில்லை.

“செத்த மூடிக் குடுக்கா. ஒத்தக் கையால மூடுனா ஆவி அடிச்சிரும். வீட்டுலதான நமக்குக் கவனம் பத்தாது.”

மூடிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் வருகிறாள், தினமும் மூடிக் கொடுக்கிறேன். பிறகு வேன் பிடிக்க ஓடுகிறேன். இன்று ஆயிரத்து அறுபத்திரண்டு போட்டேன்.