தவணையில் திரும்பிய குப்பன்

1922 ஆனி மாதம் நொச்சிக்குப்பத்தில் தேசம்மாவின் குடிசைமேல் மட்டும் பாலைவனத் தூசி பெய்தது. ஒட்டினாற்போல் இருந்த லூர்துமேரி வீட்டில், காயப்போட்ட கருவாட்டின்மேல் ஒரு பொட்டுகூட விழவில்லை. மாவுபோல் மெல்லிய, செம்மஞ்சள் தூசி. வீணாக்குவானேன் என்று தேசம்மா அதை அள்ளி வைத்து வருஷம் முழுக்க மீன் சட்டி தேய்த்தாள். அடுத்த ஆனியிலும் வந்தது, ஆவணியில் நின்றது. வானிலை ஆபீசில் வேலை பார்த்த மயிலாப்பூர் ரகுபதி கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தபோது நின்று பார்த்தார். "அரேபியாவுலேர்ந்து மேலக்காத்து அள்ளிண்டு வரது. வருஷா வருஷம் வரும்" என்றார். "அத்தினி ஊட்டையும் உட்டுட்டு என் ஊட்டுக்கு மட்டும் ஏன் சாமி வருது?" என்று தேசம்மா கேட்டாள். ரகுபதிக்கு உடனே வீட்டில் வேலை ஞாபகம் வந்தது.

காரணம் மூலையில் குவிந்திருந்தது: தூசியாலான இரண்டு பாதங்கள், இடது கட்டைவிரலில் நகம் இல்லை. சண்டைக்காலத்தில் மூட்டை தூக்கப் பஸ்ராவுக்குக் கப்பலேறிய அவள் புருஷன் குப்பனுக்கும் அந்த நகம் கிடையாது. அவனைப் பற்றிச் சர்க்காரும் ஒன்றும் சொல்லவில்லை, சாமியும் சொல்லவில்லை. அன்றோடு தூசியில் சட்டி தேய்ப்பதை நிறுத்தினாள். முழங்கால், தொந்தி, தோள் என்று வருஷத்துக்குக் கொஞ்சமாக வந்தான். ஒரே மூச்சில் போனவன் தவணையில் திரும்பினான். ஐப்பசி மழையில் அவன் மூலை ஒழுகாமல் கீற்று வேய்வது அவள் பாடு.

கட்டுமரம் குப்பனுடையது. ஓட்டியவன் தம்பி பாண்டுரங்கன். தேசம்மா கழுத்தில் தாலி இருக்கும்வரை பிடிபட்டதில் பாதி அவளுக்கு. அறுத்தால் மரமே தம்பிக்கு. அது குப்பத்துக் கட்டுப்பாடு. வலையில் மீன் நன்றாகப் படும் மாதங்களில் பாண்டுரங்கனுக்கு அண்ணன் செத்த துக்கம் அதிகமாகும். 1933 ஆடியில் துக்கம் தாங்காமல் பஞ்சாயத்தைக் கூட்டினான்.

தலைவர் தணிகாசலம் ஆட்களோடு குடிசைக்குள் வந்தார். அதற்குள் குப்பனுக்குத் தலையும் வந்திருந்தது, வாய் மட்டும் இல்லை.

"மண்ணுக்குக் கண்ணு வெச்சா அண்ணனா? பேசச் சொல்லு அண்ணி" என்றான் பாண்டுரங்கன்.

"வாய் வந்த வருசம் சட்டி தேச்சிட்டேன், நைனா" என்றாள் தேசம்மா. அவள் கை தாலியை இறுக்கிப் பிடித்திருந்தது.

தணிகாசலம் யோசித்து, அன்றைய மீனைக் கொட்டிப் பங்கு போடச் சொன்னார். பிறகு தூசிக்கை எழுந்தது. வஞ்சிரம் இரண்டையும் தன் பக்கம் இழுத்தது. பொடிமீனைத் தம்பி பக்கம் தள்ளியது. தள்ளியதிலும் பெரிதாகத் தெரிந்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பாண்டுரங்கன் குதித்தான். "பாத்தியா, பாத்தியா! சின்ன வயசுலேர்ந்து இதே பொயப்பு! செத்தாலும் திருந்தமாட்டான் எங்கண்ணன்!"

"அப்பறம் இன்னாடா? நீயே சொல்ட்ட" என்று தணிகாசலம் துண்டை உதறி எழுந்தார்.

தாலியும் பாதிப் பங்கும் அவளிடமே இருந்தன. அதன் பிறகும் ஆனிதோறும் தூசி வந்தது, தொந்திக்கே போய்ச் சேர்ந்தது. வாய் வரவேயில்லை. தேசம்மா அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதாகக் குப்பத்தில் யாரும் சொன்னதில்லை.